ரூடியின் சுவரில் ஒரு காலி நிழல்

“அந்த பெயின்ட் உருளையைக் கீழ வைங்க! வைக்கலேன்னா டப்பாவை உங்க தலையிலயே கவுத்துடுவேன்!”

“மார்லிஸ், கொஞ்சம் மெதுவாப் பேசு. சந்தே கேக்குது.”

“கேக்கட்டும். ஒரு பொம்பளை முடி வெட்டிக்கப் போயிட்டு வர்றதுக்குள்ள அவ வீட்டுக் கராஜை மொட்டையடிச்ச ஆளு யாருன்னு எல்லாரும் நல்லாக் கேக்கட்டும்!”

சந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தது. எதிர்வீட்டு பெவ் மாக்கி குப்பைத் தொட்டியைச் சந்துக்கு இழுத்துவந்து வைத்தாள். பிறகு உள்ளே இழுத்துப் போனாள். பிறகு மறுபடி வெளியே கொண்டுவந்தாள். குப்பை வண்டி வியாழக்கிழமைதான் வரும், அன்று திங்கள்.

கராஜின் மேலே தூக்கும் கதவு முழுதாகத் திறந்திருந்தது. உள்ளே மார்லிஸ் ஜூபான்சிச், புதிதாகச் சுருட்டிவிட்ட தலைமுடியும் கையில் கைப்பையுமாக, எந்த நேரமும் அதை வீசிவிடுவாள் என்பதுபோல் நின்றாள். அவளுக்கு முன்னால் ஹார்லன் எங்ஸ்ட்ரோம், வெள்ளை பெயின்ட் சொட்டும் உருளையோடு. இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. இரண்டு வாரத்தில் கல்யாணம். மான் வேட்டை தொடங்கிவிட்டால் மாப்பிள்ளை உட்பட ஒரு ஆணும் சர்ச் பக்கம் வரமாட்டான் என்பதால் அதற்கு முந்தின சனிக்கிழமையாகப் பார்த்துக் குறித்திருந்தார்கள்.

“உனக்காகத்தானே பண்ணினேன்” என்றான் ஹார்லன். “இதைப் பாரு. பத்து டிராயர். எல்லாத்துலயும் கம்பெனிக்காரன் சின்னச் சக்கரம் வச்சிருக்கான், விரலால தள்ளினாப் போதும். நம்ம கல்யாணத்துக்கு என்னோட பரிசு.”

பரிசு கராஜின் நடுவில் நின்றது. சக்கரம் வைத்த இரும்பு அலமாரி, தீயணைப்பு வண்டியின் சிவப்பு, ஹார்லனின் தோள் உயரம். ரூடியின் சுவரில் இருந்த அத்தனை கருவியையும் கழற்றி அதற்குள் அடுக்கிவிட்டான்.

ரூடி ஜூபான்சிச் மார்லிஸின் முதல் கணவன். இறந்து நான்கு வருடம். இரும்புச் சுரங்கத்தின் கருவிக் கூடத்தில், கம்பி வலை போட்ட ஜன்னலுக்குப் பின்னால், வேலைக்காலம் பூராவும் நின்றவன். ஒருவன் வந்து குழாய் திருகும் ரிஞ்சு கேட்டால் தன் நம்பர் போட்ட பித்தளை வில்லையைக் கொடுக்க வேண்டும். ரிஞ்சு இருந்த கொக்கியில் வில்லை தொங்கும். ரிஞ்சு வந்தால்தான் வில்லை திரும்பும். சுரங்கம் இந்த ஏற்பாட்டைக் கைவிட்டு எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றியபோது, தூக்கியெறியப்போன வில்லைகளை ஒரு வாளி நிறைய வீட்டுக்கு அள்ளிவந்தான். வீட்டுக் கராஜில் ஒரு சுவர் முழுக்க ஓட்டைப் பலகை அடித்து, ஒவ்வொரு கருவியையும் அதன்மேல் படுக்கவைத்து, சுற்றிலும் கறுப்பு பெயின்டில் கோடு இழுத்து உள்ளே நிரப்பினான். சுத்தியலுக்குச் சுத்தியலின் நிழல், ரம்பத்துக்கு ரம்பத்தின் நிழல், குறடுக்குக் குறடின் நிழல். கொலை நடந்த இடத்தில் போலீஸ்காரன் பிணத்தைச் சுற்றிக் கோடு போடுவானே, அந்த மாதிரி. சந்தில் இருந்த எல்லாருக்கும் ஆளுக்கொரு வில்லை கொடுத்தான்.

“எப்ப வேணா வா, எது வேணா எடு. நான் தூங்கிட்டிருந்தா எழுப்பாத. உன் வில்லையை மாட்டிட்டுப் போ. எடுத்துக்கிட்டுப் போறது எனக்குப் பிரச்சினையே இல்ல. எடுத்தது யாருன்னு தெரியணும், அவ்வளவுதான்.”

இதை அவன் சொல்லாத ஆள் இந்தச் சந்தில் கிடையாது. சொல்லும்போது நெஞ்சில் விரலால் குத்துவான். பெவ்வின் புருஷன் உயிரோடு இருந்த காலத்தில் வில்லை மாட்டாமல் ஒரு திருப்புளியைக் கொண்டுபோனதற்கு, அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேஜைக்கே வந்து திருப்புளியை எடுத்துக்கொண்டு, வில்லையை அவன் சூப்பில் போட்டுவிட்டுப் போனவன் ரூடி.

அவன் இறந்த பிறகும் மார்லிஸ் அந்தச் சுவரைத் தொடவில்லை. எல்லாக் கருவியும் தன் நிழல்மேல் தொங்கியது, ஒன்றைத் தவிர. கீழ்வரிசையின் கோடியில் ஒரு முழங்கையை விட நீளமான நிழல் காலியாகக் கிடந்தது. பெரிய பைப் ரிஞ்சுக்கானது. அந்தக் கொக்கியில் ரிஞ்சும் இல்லை, வில்லையும் இல்லை.

இப்போது எல்லா நிழலும் காலி. எந்த நிழல் நேற்றே காலியாக இருந்தது, எது இன்று காலியானது என்று யாராலும் சொல்ல முடியாது. மார்லிஸால் முடியும்.

“வெள்ளை அடிச்சா வெளிச்சமா இருக்கும்னுதான்...” என்றான் ஹார்லன்.

“வெளிச்சம் வேணும்னா பல்பு போடுங்க.”

கடைசியில் உருளை தட்டில் இறங்கியது. கல்யாணம் முடியும்வரை சுவரில் கைவைப்பதில்லை, பதிலுக்குக் கருவிகள் சிவப்பு அலமாரியில் இருக்கட்டும் என்று சமாதானம் ஆனார்கள். மூலையில் மட்டும் ஒரு கை அகலத்துக்கு வெள்ளை ஏறியிருந்தது. அது பெரிய ரிஞ்சின் நிழலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றிருந்தது. அத்தனை பெரிய சுவரில் ஹார்லன் ஏன் கீழ்க்கோடியில் ஆரம்பித்தான் என்று அன்று யாரும் யோசிக்கவில்லை. பெவ்கூட யோசிக்கவில்லை, இது அவளுக்கு இன்றுவரை வருத்தம்.

ஹார்லனைப் பற்றி இந்தச் சந்தில் யாரும் குறை சொன்னதில்லை. இரும்புத் தாது ஏற்றும் ரயிலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், மூன்று வீடு தள்ளித் தனியாக இருந்தவன். ரூடியைப் புதைத்த மறுவாரமே மார்லிஸ் வீட்டு வாசலில் பனி அள்ள வந்துவிட்டான். அதற்குப் பிறகு கூரைக்குழாய் சுத்தம் செய்தது, விறகு பிளந்தது, புல் வெட்டியது எல்லாம் அவன்தான். பனி அள்ளிக் கொடுத்தால் காபி கொடுக்க வேண்டும், காபி கொடுத்தால் உட்காரச் சொல்ல வேண்டும். உட்கார்ந்து உட்கார்ந்து நான்காவது வருஷம் மோதிரம் வந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் பொருத்தம் சரியில்லை என்று சந்துக்காரர்கள் நாங்கள் சிரிப்போம். இந்த ஊரில் யார் எந்த சர்ச், எந்தக் கட்சி என்பதெல்லாம் பிறகு. முதலில் கேட்பது கருவிக்கு மாட்டும் பேட்டரி மஞ்சள் கம்பெனியா சிவப்பு கம்பெனியா என்பதுதான். மஞ்சள்காரன் டிரில் வாங்கிவிட்டால் சாகும்வரை ரம்பமும் மஞ்சள், விளக்கும் மஞ்சள், இலை ஊதும் கருவியும் மஞ்சள். சிவப்பு பேட்டரி மஞ்சள் டிரில்லில் ஏறாது, எப்படித் திருப்பிப் போட்டாலும் ஏறாது. ரூடி மஞ்சள். ஹார்லன் சிவப்பு. “கலப்புக் கல்யாணம்டி இது” என்பாள் பெவ். “பிள்ளை பெத்துக்கிற வயசு தாண்டிடுச்சு, தப்பிச்சீங்க. இல்லேன்னா எந்த சார்ஜர்ல மாட்டுறதுன்னு தெரியாது.”

ரூடிக்கு பேட்டரியைப் பற்றியும் ஒரு சட்டம் உண்டு. வேலை முடிந்தால் பேட்டரியைக் கழற்றித் தனியே வைக்க வேண்டும். மாட்டியபடி டிராயரில் போட்டால் வேறு எதுவாவது விசையில் சாய்ந்து தானாகவே ஓட ஆரம்பிக்கும் என்பான். அவனுடைய மஞ்சள் பேட்டரிகள் மூன்றும் ஜன்னலுக்கு மேல் பலகையில் வரிசையாக இருந்தன. அவன் போனபிறகு அவற்றை யாரும் சார்ஜ் செய்யவில்லை. மேலே நான்கு வருடத் தூசி.

முதல் தடவை அந்தச் சத்தம் கேட்டபோது மார்லிஸ் கையில் வால்நட் பை இருந்தது. கல்யாணத்துக்குப் பொட்டிட்சா சுட வேண்டும். மாவைப் படுக்கை விரிப்பு மாதிரி மெல்லியதாக இழுத்து, வால்நட்டும் தேனும் தடவி, உருட்டிச் சுடுவது. அந்த ரொட்டி இல்லாமல் இங்கே கல்யாணமும் நடக்காது, சாவும் நடக்காது. காரிலிருந்து இறங்கி கராஜ் வழியாக வீட்டுக்குள் நுழையப் போனாள்.

ர்ர்ர்ர்.

மெல்லிய சத்தம். தேனீ ஒன்று தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்டதுபோல. மான் கறி வைக்கும் பழைய ஃப்ரீசர்தான் முனகுகிறது என்று நினைத்து அதன்மேல் கைவைத்தாள். ஃப்ரீசர் சும்மா இருந்தது. சத்தம் நின்றது.

மறுநாள் ஒரு திருகாணியை இறுக்கத் திருப்புளி தேடி வந்தாள். சிவப்பு அலமாரியில் தேடுவது பெரும் பாடு. முன்னெல்லாம் சுவரைப் பார்த்தாலே கை தானாகப் போகும். இப்போது டிராயர் டிராயராக இழுத்தாள். உளிகள் இருந்தன, அரங்கள் இருந்தன, ஹார்லனின் சிவப்புப் படை அணிவகுத்து இருந்தது. எல்லா டிராயரும் விரலுக்கு வழுக்கிக்கொண்டு வந்தன. அடி டிராயர் மட்டும் வரவில்லை. காலை ஊன்றி இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

அதற்குள்ளிருந்து சத்தம் வந்தது.

ர்ர்ர்ர். இந்தத் தடவை கொஞ்சம் நீளமாக. இரும்பு முழுக்க அதிர்ந்தது, டிராயர் கைப்பிடி வழியாக அவள் விரலுக்கு ஏறியது.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். சனிக்கிழமைக் காலைகளில் அடுக்களை ஜன்னல் வழியாக எத்தனை வருஷம் கேட்டிருக்கிறாள். ரூடியின் டிரில்.

திருப்புளியை மறந்துவிட்டு நேராக எதிர்வீட்டுக்குப் போனாள்.

“கராஜ்ல ரூடி இருக்கான்” என்றாள்.

பெவ் அடுப்பை அணைத்தாள். “காபி வேணுமா, பிராந்தி வேணுமா?”

“வந்து கேளு.”

பெவ் வந்து அலமாரிமேல் காதை வைத்துக் கேட்டாள். ஒன்றுமில்லை. “கல்யாணம் நெருங்குதுல்ல, எல்லாப் பொண்ணுக்கும் இப்படித்தான் இருக்கும்” என்று சொல்லி முடிக்கவில்லை, காதுக்கடியில் இரும்பு முனகியது. பெவ் இரண்டடி பின்னால் குதித்து ஃப்ரீசரில் இடித்துக்கொண்டாள்.

“பாதிரியாரைக் கூப்பிடுடி.”

“வந்து என்ன பண்ணுவார்?”

“புனித நீர் தெளிப்பார்.”

“துருப்பிடிக்கும்.”

அன்று சாயங்காலம் ஹார்லன் வந்ததும் சொன்னாள். அவன் சிரித்தான். மேல் டிராயர்களை எல்லாம் ஒவ்வொன்றாக இழுத்துக் காட்டினான். தன் டிரில், தன் ரம்பம், எதிலும் பேட்டரி இல்லை, எல்லா சிவப்பு பேட்டரியும் அவன் வீட்டு சார்ஜரில் இருக்கிறது.

“கீழ் டிராயர்?”

“அது மாட்டிக்கிச்சு. கம்பெனிக்காரன் தப்பு. ஆள் வரச் சொல்லியிருக்கேன்.”

“உள்ள என்ன இருக்கு?”

“என்னவோ பழைய சாமான். ரூடியோட டிரில்லையும் அதுலதான் போட்டேன்னு நினைக்கிறேன். பேட்டரி இல்லாமத்தான் போட்டேன். மார்லிஸ், அதைத் திறக்கப் போயி விரலைக் கிழிச்சுக்காத. ஆள் வருவான்.”

சொல்லும்போது அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான்.

அன்றிலிருந்து மார்லிஸ் காரைத் தெருவிலேயே நிறுத்தினாள். கராஜ் கதவைத் தாண்டும்போது நடையை வேகமாக்கினாள். ரூடி கோபமாக இருக்கிறான் என்று அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது. ஊர் நினைத்ததுபோலச் சுவரைக் கலைத்ததற்காகவோ, இன்னொருவனைக் கட்டிக்கொள்வதற்காகவோ அந்தக் கோபம் வந்ததாக அவள் நினைக்கவில்லை. அவளிடம் வேறு கணக்கு ஒன்று இருந்தது. அதை அவள் பெவ்விடம்கூடச் சொன்னதில்லை. பெவ்விடம் சொல்லாதது என்றால் பாவமன்னிப்புக் கூண்டிலும் சொல்லாதது என்று அர்த்தம். எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டாம், தெரியும்.

ரூடி இறந்த அன்று கொதிகலனிலிருந்து கழற்றிய ஒரு குழாய் இணைப்பை மேஜையில் பொருத்திய வைஸ் பிடியில் இறுக்கிவைத்துத் திருகிக்கொண்டிருந்தான். துருவேறி இறுகிப்போன இணைப்பு. கராஜிலிருந்து கத்தினான்: “என் பெரிய ரிஞ்சை எவன் எடுத்தான்? வில்லையும் காணோம்!” அவள் அடுக்களையில் எதையோ கிளறிக்கொண்டிருந்தாள். அந்த வாரம் பூராவும் அவன் கத்தலைக் கேட்டு அலுத்துப் போயிருந்தாள். “எனக்கென்ன தெரியும்? இருக்கிறதை வச்சுப் பண்ணித் தொலை!” என்று பதிலுக்குக் கத்தினாள்.

இருந்ததை வைத்துப் பண்ணினான். சின்ன ரிஞ்சு. பிடிக்கு நீளம் போதாததால் அதன்மேல் ஒரு குழாய்த்துண்டைச் செருகி, முழு உடம்பையும் போட்டு அழுத்தினான். சுரங்கத்தில் யாராவது அப்படிச் செய்தால் ஜன்னலுக்கு வெளியே வந்து அடிக்கிற ஆள். ரிஞ்சின் வாய் வழுக்கியது. ரூடி பின்னால் போய் விழுந்தான். ரம்ப மேஜையின் இரும்பு முனை அங்கே இருந்தது.

இத்தனை சட்டம் பேசினவன் கடைசியில் குழாய் செருகிச் செத்தானே என்று அடக்கம் முடிந்த சாப்பாட்டில் எல்லோரும் தலையை ஆட்டினோம். மார்லிஸ் தலையை ஆட்டவில்லை. அவன் ஏன் செருகினான் என்று அவளுக்குத் தெரியும். அவள்தான் சொன்னாள்.

இப்போது டிராயருக்குள் அவன் உறுமிக்கொண்டிருந்தான். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று நாள்.

மாவு இழுத்து முடித்த புதன்கிழமை மத்தியானம் பெவ் வந்து ரொட்டி உருட்ட உதவினாள். சுட்டதை எல்லாம் துணியில் சுற்றி ஃப்ரீசரில் வைக்க இருவரும் கராஜுக்குப் போக வேண்டியிருந்தது. வைக்கும்போது மறுபடி ஆரம்பித்தது. இந்தத் தடவை நிற்கவே இல்லை. சுருதி மெல்ல இறங்கி, மூச்சு வாங்குகிறமாதிரி இழுத்துக்கொண்டே போனது.

மார்லிஸ் மாவுக் கையை ஏப்ரனில் துடைத்தாள். “திறக்கப் போறேன்.”

“ஆள் வருவான்னு ஹார்லன் சொன்னாரே?”

“ஆள் உள்ள இருக்கான்.”

பெவ் மேல் டிராயரிலிருந்து ஒரு பெரிய திருப்புளியை எடுத்து நீட்டினாள். “இதை விட்டு நெம்பு.”

“திருப்புளியால நெம்புறதா? நாக்கைக் கடிடி. அவன் இருக்கிற கோபம் போதாதா?”

அவளே தேடி, தட்டையான நெம்புக்கம்பியை எடுத்தாள். ஆணி பிடுங்குவது, ஒரு முனை அகலமாக, கத்தி மாதிரி மெலிந்திருக்கும். கூடவே மரச் சுத்தியல். இரும்புச் சுத்தியலால் அடித்தால் தெறிக்கும் என்று அவளுக்கு யாரும் கற்றுத் தரவில்லை, அத்தனை வருஷம் ரூடி மற்றவர்களைத் திட்டுவதை அடுக்களை ஜன்னல் வழியாகக் கேட்டுக் கேட்டுத் தெரிந்தது. கம்பியின் மெல்லிய முனையை டிராயரின் மேல் விளிம்பில் வைத்து, சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி, கீழே அழுத்தினாள். உள்ளே ஏதோ ஒன்று விலகிப் புரண்டது. டிராயர் கடகடவென்று வந்துவிட்டது.

ஃப்ளானல் சட்டையில் சுற்றிய நீளமான ஒரு பொருள் குறுக்கே கிடந்தது. அதன் தலை டிராயரின் மேல் சட்டத்தில் முட்டிக்கொண்டிருந்ததால்தான் திறக்கவில்லை. அதற்கடியில் ரூடியின் மஞ்சள் டிரில். சட்டைக்குள் இருந்த கனம் முழுவதும் டிரில்லின் விசைமேல் சாய்ந்திருந்தது. டிரில்லின் வாய் சுற்றிக்கொண்டிருந்தது, மெல்ல, மெல்ல.

மார்லிஸ் சட்டைப் பொட்டலத்தைத் தூக்கினாள். இரண்டு கையும் வேண்டியிருந்தது. டிரில் நின்றது.

சட்டை ஹார்லனுடையது, போன கிறிஸ்துமஸுக்கு அவளே பொத்தான் தைத்துக் கொடுத்தது. உள்ளே பெரிய பைப் ரிஞ்சு.

பெவ் அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

மார்லிஸ் சுவரிடம் போனாள். அத்தனை காலி நிழல்களுக்கு நடுவே அவள் தேடவில்லை. குனிந்து, கீழ்வரிசையின் கோடியில் இருந்த நிழல்மேல் ரிஞ்சை வைத்துப் பார்த்தாள். பிடி பிடியில் படிந்தது. மேல்தாடையில் ஒரு மூலை உடைந்திருந்தது, நிழலிலும் அதே மூலை உடைந்திருந்தது. ரூடி அதைக்கூட விடாமல் வரைந்திருந்தான்.

அப்போதுதான் ஹார்லன் சந்து வழியாக வந்தான். கையில் கல்யாணத்துக்குத் தேய்த்துவாங்கிய சட்டை, ஹேங்கரோடு. திறந்த டிராயரைப் பார்த்தான். அவள் கையைப் பார்த்தான். ஹேங்கரை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டான்.

“அரைமணி நேரம்னு நினைச்சேன்” என்றான்.

“என்ன?”

“எங்க வீட்டு சவுனாக் குளியல் ரூம் அடுப்புக் குழாய் இறுகிப் போச்சு. ரூடி சாய்வு நாற்காலியில தூங்கிட்டிருந்தான். அரைமணி நேரத்துல கொண்டாந்து வச்சிடப் போறேன், இதுக்குப் போயி வில்லையைத் தேடணுமான்னு... மத்தியானம் திருப்பிக் கொண்டுவந்தேன். சந்துல ஆம்புலன்ஸ் நின்னுச்சு.”

“அன்னிக்கே சொல்லியிருக்கலாம்.”

“சொல்லத்தான் வந்தேன். அடுத்த வாரம் சொல்லத்தான் வந்தேன். நீ கதவைத் திறந்தே. உன் மூஞ்சியைப் பாத்துட்டு மண்வெட்டியை எடுத்துக்கிட்டேன். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் மார்லிஸ். சொல்ல வருவேன், பனியை அள்ளிட்டுப் போயிடுவேன்.”

மார்லிஸ் பலகைச் சுவரில் தோளைச் சாய்த்தாள். நான்கு வருடமாகத் தூக்கிக்கொண்டிருந்த ஒன்றை யாரோ ஒரு முனையில் பிடித்ததுபோல் இருந்தது அவளுக்கு. இருந்ததை வைத்துப் பண்ணு என்று சொன்னது அவள்தான். ஆனால் இருக்க வேண்டியதை இல்லாமல் பண்ணினவன் வேறொருத்தன். அந்த நிம்மதி வந்த வேகத்திலேயே இன்னொன்றும் வந்தது.

“அப்போ நீ எனக்குப் பண்ணினதெல்லாம்? விறகு, கூரை, பனி. எல்லாம் இதுக்காகவா?”

“முதல்ல இதுக்காகத்தான். பொய் சொல்லல. அப்புறம் இல்ல.”

“எப்போலேர்ந்து அப்புறம்?”

ஹார்லன் யோசித்தான். நல்ல மனுஷன், அதுதான் அவனுக்கு வினை. இன்னொருவனாக இருந்தால் ஏதாவது ஒரு நாளைச் சொல்லியிருப்பான், ஒரு காபியை, ஒரு வசந்தகாலத்தை. அவன் உண்மையிலேயே தேடிப் பார்த்தான். கிடைக்கவில்லை.

“தெரியல” என்றான்.

“சுவருக்கு வெள்ளை அடிக்க வந்தது?”

“நிழலை அழிச்சிட்டா இதுவும் மத்த சாமானோட கலந்துடும்னுதான் டிராயர்ல வச்சேன்” என்றான். “குடு. நானே மாட்டுறேன். அவன் இடத்துல மாட்டிடுறேன்” என்று ரிஞ்சுக்குக் கையை நீட்டினான்.

“மாட்டிட்டா? முடிஞ்சுதா?” மார்லிஸ் ரிஞ்சை அவன் கையிலேயே கொடுத்தாள், ஆனால் கொக்கிக்கு முன்னால் நின்றுகொண்டாள். “ரூடி என்ன கேட்டான்? கொண்டுபோகாதேன்னா சொன்னான்? யாருன்னு தெரியணும்னுதானே கேட்டான். உன் வில்லை எங்க?”

அது அவன் சாவிக்கொத்திலேயே இருந்தது. எல்லோருடையதும் அங்கேதான் இருக்கும். இருபத்தேழாம் நம்பர். விரலால் நெம்பி வளையத்திலிருந்து பிரித்தான். நகம் உடைந்தது.

“மாட்டு.”

மாட்டினான். பித்தளை பலகையில் தட்டி நின்றது.

“இப்போ ரிஞ்சை எடுத்துக்கிட்டுப் போ.”

வாசல்வரை போனவன் திரும்பினான். டிராயரில் கிடந்த மஞ்சள் டிரில்லைக் காட்டினான். அடியில் பேட்டரி செருகியிருந்தது.

“ரிஞ்சை எடுத்தது நான். மறைச்சது நான். எல்லாம் நான்தான். ஆனா அந்த பேட்டரியை நான் மாட்டல மார்லிஸ். மேல இருக்கிற அவனோட பேட்டரியை நான் தொட்டதே இல்ல.”

பெரியதை ஒப்புக்கொண்டவன் சின்னதற்குப் பொய் சொல்லுவானேன்? மார்லிஸும் பெவ்வும் ஒரே நேரத்தில் ஜன்னலுக்கு மேலே பார்த்தார்கள். பலகையில் இரண்டு மஞ்சள் பேட்டரிகள் தூசியோடு உட்கார்ந்திருந்தன. மூன்றாவது இருந்த இடத்தில் தூசியில்லாத ஒரு சதுரம். சுற்றிலும் தூசி, நடுவில் பேட்டரியின் நிழல், கோடு இழுத்ததுபோல. நாற்காலி போடாமல் அந்தப் பலகை மார்லிஸுக்கு எட்டாது. தூசியில் விரல் தடம் ஒன்றுகூட இல்லை.

மார்லிஸ் நாற்காலி போட்டு ஏறி அந்த பேட்டரியைக் கழற்றி அதன் சதுரத்திலேயே வைத்தாள். பிறகு கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரில் மாட்டத் தொடங்கினாள். பெவ் எடுத்துக்கொடுத்தாள். நிழல்கள் ஒவ்வொன்றாக நிறைந்தன. கராஜ் அமைதியாக இருந்தது. அதற்குப் பிறகு அங்கே எந்தச் சத்தமும் வரவில்லை என்று மார்லிஸ் சொல்கிறாள். காற்றே இல்லாத நாட்களில் அந்த வில்லை மட்டும் சில சமயம் பலகையில் தட்டும், அதைச் சத்தம் என்று அவள் கணக்கில் சேர்ப்பதில்லை.

கல்யாணம் நின்றது. பொட்டிட்சாவை எல்லாம் மான் வேட்டைக்குப் போனவர்கள் காட்டில் உட்கார்ந்து தின்றார்கள். அடுத்த கோடையில் ஹார்லன் ஒருமுறை ரிஞ்சோடு மார்லிஸின் கராஜ் வாசலில் வந்து நின்றான். அவள் கொக்கியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “இன்னும் வேலை முடிஞ்சிருக்காதே. வச்சுக்கோங்க” என்று மரியாதையாகச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். அந்த இலையுதிர்காலத்தில் அவன் வீட்டை விற்றான். யாரைக் கூட்டிக்கொண்டு போனான் என்றால், பெவ் மாக்கியை. பனி அள்ளத் தெரிந்த ஆளை வீணாக்கக் கூடாது என்றாள் பெவ். கோர்ட்டில் பதிவுக் கல்யாணம், ரொட்டிகூட இல்லை. இப்போது இருவரும் டுலூத் நகரத்துக்கு அந்தப் பக்கம், ஏரியைப் பார்த்த வீட்டில் இருக்கிறார்கள். ரிஞ்சை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது பெவ்வின் ஒரே நிபந்தனை. அது வெளியே விறகுக் குவியல்மேல் மழையில் கிடக்கிறதாம். ஆனால் துருப்பிடிக்கவே இல்லை என்று போனில் சொன்னாள், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

மார்லிஸ் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை, எங்கேயும் போகவில்லை. சிவப்பு அலமாரியில் ஜாம் பாட்டில்களை அடுக்கியிருக்கிறாள். அடி டிராயரை மட்டும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்படி, எப்போதும் ஒரு கை அகலம் திறந்தே வைத்திருக்கிறாள்.